நேரே உட்கார்ந்து பார்க்கவும்

காட்சித் தர ஒப்பீட்டு வாரியத்திலிருந்து வந்தவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சுவரிலிருந்து டிவியைக் கழற்றும் முன் "கழட்டலாமா சார்?" என்று கேட்டார்கள். மாஸ்டர் "வேண்டாங்க" என்று சொன்னதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு கழற்றினார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஒப்பீட்டுக்கு விண்ணப்பித்தவரே மாஸ்டர்தான். பிளாஸ்மா டிவி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை ஒப்படைத்துவிட்டு எல்இடி டிவிக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று வாரியம் உத்தரவு போட்டிருந்தது. 'எங்கள் வீட்டுக்குப் பிளாஸ்மாவில்தான் படம் நன்றாகத் தெரிகிறது' என்று வாதாடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை. வாரியம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பிளாஸ்மாதான் மேல் என்று தெரிந்தால் திருப்பித் தந்துவிடும். அதுவரை பிளாஸ்மா வாரியத்தின் காவலில் இருக்கும். வீட்டுக்காரர்கள் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதே என்று வாரியமே ஒரு எல்இடி டிவியைக் கொண்டுவந்து மாட்டி, யாரும் அதை அசைக்காதபடி முத்திரை வைத்துவிட்டுப் போகும். ஒப்பிடுவது என்றால் இரண்டையும் பார்ப்பது என்று மாஸ்டர் நம்பிவிட்டார்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வருஷக்கணக்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பழகியவர். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் யாராவது தாறுமாறாகப் போகிறார்கள் என்று தோன்றினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். காரில் அது உயிரைக் காப்பாற்றியது. வாரிய அலுவலகத்தில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

பிளாஸ்மா ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததல்ல. கனமென்றால் அப்படிக் கனம். சூடு வேறு, அம்மா ஈரக் கைக்குட்டையை அதன் தலைமேல் போட்டுக் காயவைப்பார். பகலில் ஜன்னலைத் திறந்தால் படம் மங்கும். மின்சாரத்தையும் தாராளமாகக் குடிக்கும். வாரியம் மாட்டிவிட்டுப் போன எல்இடியோ மெலிசு, பளிச்சென்று இருந்தது, மின்சாரம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் மாஸ்டர் ஒத்துக்கொள்வார். நேரே உட்கார்ந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் கிடையாது. அவர் வீட்டில் எல்லாராலும் நேரே உட்கார முடியாது, அவ்வளவுதான்.

அப்பா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவருடைய கட்டில் குளியலறைக் கதவை ஒட்டி, ஜன்னல் ஓரமாகக் கிடந்தது. வேறு எங்கே போட்டாலும் ஏதாவது ஒரு கதவு திறக்காது. அங்கே படுத்தால் டிவியைச் சாய்வாகத்தான் பார்க்க முடியும். அம்மாவுக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். தலையைத் திருப்பக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அவர் நாற்காலி டிவிக்கு நேர் எதிரே இருந்தது. டிவியை அப்பா பக்கம் திருப்பினால் அம்மாவுக்குத் தெரியாது. பிளாஸ்மா இருந்தவரை இப்படி ஒரு கணக்கே யாரும் போடவில்லை. ஓரத்தில் படுத்துப் பார்த்தாலும் எதிரே உட்கார்ந்து பார்த்தாலும் அதில் சிவப்பு சிவப்பாக இருந்தது, கறுப்பு கறுப்பாக இருந்தது.

அந்த டிவியைப் பார்த்துத்தான் அப்பாவுக்குப் பேச்சே திரும்பியது. மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தவர், ஒருநாள் சாயங்காலம் கால்பந்தாட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, "ஃபவுல்" என்றார். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் டீச்சர் இதைக் கேட்டு, "ரொம்ப நல்லதும்மா. தினமும் ஆட்டத்தப் போட்டுவிடுங்க. கூட உக்காந்து பேசுங்க. சண்ட போட்டாக்கூட நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்பா எந்த அணியை ஆதரிக்கிறாரோ அதற்கு எதிரணியை ஆதரிப்பதே அவருடைய ஆட்ட ஞானம். அப்பா "ஆஃப்சைடு" என்றால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒழுங்காத்தான் ஓடுறான்" என்பார். அப்பாவுக்குக் கோபம் வரும். கோபத்தில் இன்னொரு வார்த்தை வரும். இப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்து "போடா" வரைக்கும் வந்துவிட்டது. அது மாஸ்டருக்காக வந்த வார்த்தை. அதைக் கேட்ட அன்று மாஸ்டர் அழுதேவிட்டார்.

எல்இடி வந்த அன்றைக்கும் ஆட்டம் இருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்து, "அடேயப்பா, புல்லு எப்படிப் பச்சப்பசேல்னு இருக்கு பாருங்க!" என்றார். கட்டிலிலிருந்து பார்த்தால் புல் சாயம் போன துணியாகத் தெரிந்தது. சிவப்புச் சட்டையும் மஞ்சள் சட்டையும் ஒரே மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"ஃபவுல்" என்றார் அப்பா.

"என்ன ஃபவுல்? அவங்க ஆளுங்களே ஒருத்தன்மேல ஒருத்தன் மோதிக்கிட்டாங்க."

அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "கோல்" என்றார், தயங்கித் தயங்கி.

"பந்து வெளியில்ல போச்சு? ஏங்க, நெஜமாவே தெரியலையா?"

இதை அம்மா சண்டைக்காகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க விசில் ஊதித் தீர்ப்புச் சொன்ன மனிதர் அவர். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வெட்கம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அடுத்தடுத்த வாரங்களில், ஏற்கெனவே வந்திருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போக ஆரம்பித்தன. டீச்சர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கொறஞ்சிருக்கே. வீட்டுல எத மாத்தினீங்க?"

"டிவிய" என்றார் மாஸ்டர்.

"அப்ப மொதல்ல பழையத மாட்டுங்க சார். வந்த பேச்சு பழக்கம் விட்டுப்போச்சுன்னா அப்புறம் இழுத்துக் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம்."

அன்றைக்கே மாஸ்டர் வாரியத்துக்கு ஓடினார்.

வாரியக் கட்டடத்தின் முகப்பில் 'நேரே உட்கார்ந்து பார்க்கவும்' என்று ஆள் உயர எழுத்தில் பொறித்திருந்தது. காத்திருப்போர் கூடத்தில் பெரிய எல்இடி திரையொன்றில் வாரியத் தலைவர் ஓயாமல் உரையாற்றிக்கொண்டிருந்தார். நிகழ்ச்சியின் பெயர் 'வாரியத்தின் குரல்'. நடு பெஞ்சில் எள் விழ இடமில்லை. ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. இரண்டு ஓர பெஞ்சுகளும் காலியாகக் கிடந்தன. காவலாளி வந்து சிலரை ஓரத்துக்கு விரட்டினார். அவர்களும் போய் உட்கார்ந்து, திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, நைசாக நடுவுக்கே நகர்ந்து வந்தார்கள்.

மாஸ்டருக்கு உற்சாகமாகிவிட்டது. வரவேற்பு மேஜையிலிருந்த பெண்மணியிடம் போய், "பாருங்கம்மா, இங்கயே தெரியுதே!" என்றார்.

"என்ன சார் தெரியுது?"

"ஓரத்துல ஒருத்தரும் உக்கார மாட்டேங்கறாங்க."

"ஆமா சார். ஜனங்களுக்கு ஒழுங்கே கெடையாது" என்று அந்தப் பெண்மணி பெருமூச்சு விட்டார். "அதனாலதான் அடுத்த மாசத்துலேர்ந்து ஓர பெஞ்செல்லாம் எடுத்துடப் போறோம்."

ஒப்பீட்டு அலுவலர் ஒரு பெண். மெதுவாகப் பேசுகிறவர், நல்ல மனசுக்காரர். மாஸ்டரைத் தாமே அழைத்துக்கொண்டு போய்ச் சோதனை அறையைக் காட்டினார். ஜன்னல் இல்லாத இருட்டறை. டிவி மாட்டும் சுவருக்கு நேர் எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதைத் தரையோடு திருகி இறுக்கியிருந்தார்கள். அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தைத் திருப்பாமலேயே வணக்கம் சொன்னார்.

"இவர்தான் தரப் பார்வையாளர்" என்றார் அலுவலர். "எந்த டிவியா இருந்தாலும் இவர்தான் உக்காந்து பாப்பார். சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்கோம். அசைய மாட்டார்."

"வீட்டுல ஒருத்தரா உக்காந்து பாப்பாங்க? நாலு பேர் இருப்பாங்களே?"

"எங்க கணக்குப்படி தர வீட்டுல ஒருத்தர்தான் சார்."

"ஏன் அப்படி?"

"ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேரும் நேரே உக்கார முடியாதில்லையா? அப்ப அளவு கெட்டுப்போகும். ரொம்ப நாள் விவாதம் பண்ணி, குடும்பத்த எடுத்துட்டோம்."

மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது. "மேடம், எங்கப்பா ஓரமாத்தான் படுத்திருக்கார்."

"ஏன்?"

"பக்கவாதம்."

"ஐயோ, பாவமே!" அலுவலரின் கண்கள் உண்மையாகவே கலங்கின. "ஆனா பாருங்க, பக்கவாட்டுப் பார்வை எங்க வரம்புல வராது. அதுக்குத் தனியா ஒரு வாரியம் வேணும்னு நாங்களே பரிந்துரை பண்ணியிருக்கோம். இப்ப கட்டடத்துக்கு எடம் பாத்துட்டிருக்காங்க."

வெளியே வரும்போது மாஸ்டர் தரப் பார்வையாளரிடம், "உங்க வீட்டுல என்ன டிவி சார்?" என்று கேட்டார்.

"டிவியே இல்லீங்க. நாள் பூரா பாத்துட்டு, வீட்டுக்குப் போயும் யார் பாக்கறது?" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

மறுமுறை போனபோது ஒப்பீடு முடிந்திருந்தது. அலுவலர் மகிழ்ச்சியோடு தம் மேஜை மேலிருந்த கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். திரையில் இரண்டு போட்டோக்கள். ஒன்று மாஸ்டர் வீட்டுப் பிளாஸ்மாவில் ஓடிய படத்தைப் பிடித்தது, மற்றது எல்இடியில் ஓடிய அதே படத்தைப் பிடித்தது.

"பாருங்க சார். பிளாஸ்மாவுல குறுக்கால கறுப்புப் பட்டை ஓடுது. எல்இடி எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"அது போட்டோ எடுக்கும்போது விழற பட்டை மேடம். கண்ணால பாத்தா வராது."

"கண்ணால பாத்தத நான் எப்படி சார் ஃபைல்ல வைக்கறது?"

மாஸ்டர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களிடம் பேசுகிற குரலில், "சரி. இந்த ரெண்டு போட்டோவையும் எதுல பாத்தீங்க?" என்று கேட்டார்.

"இதோ, இந்தத் திரையிலதான்."

"இது என்ன திரை?"

"எல்இடி."

"அப்ப பிளாஸ்மாவையும் நீங்க எல்இடியிலதான பாத்திருக்கீங்க?"

அலுவலரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷ சேவையில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரைப் பார்த்துவிட்ட மலர்ச்சி. "அதேதான் சார்! ரெண்டுக்கும் ஒரே திரை. துளிகூடப் பாரபட்சம் கெடையாது!"

அலுவலரே மேற்கொண்டு சொன்னார். இது முதல் கட்டம்தானாம். நிறம் எப்படி என்று முடிவு செய்ய வண்ணக் குழு என்று தனியே ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லாரும் வயதானவர்கள், கம்ப்யூட்டர் பழக்கமில்லாதவர்கள். அவர்களுக்குக் காகிதத்தில்தான் கொடுக்க வேண்டும். கலர் பிரிண்டரில் மை தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. அதனால் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, ஆளுக்கொன்று ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள்.

"ஜெராக்ஸ்ல கலர் பாத்தாங்களா?"

"அவங்க அனுபவஸ்தர்கள் சார். சிவப்புக்கு ரெண்டுக்கும் சம மார்க் போட்டிருக்காங்க. பச்சைக்கும் சமம். கறுப்புலதான் உங்க பிளாஸ்மா கோட்டை விட்டுடுச்சு. நடுவுல வெள்ளையா ஒரு கோடு."

"அது ஜெராக்ஸ் மிஷின் கண்ணாடியில இருக்கற கோடு!"

"எல்இடியோட ஜெராக்ஸ்ல அந்தக் கோடு வரலையே சார்? அத வேற மிஷின்ல எடுத்தோம்" என்றார் அலுவலர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

மாஸ்டர் ஒரு காலை அல்ல, இரண்டு காலையும் அழுத்தினார். கட்டடம் நிற்கவில்லை. அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, "என்னடா ஆச்சு?" என்றார். "நம்ம டிவி தோத்துடுச்சும்மா" என்றார் மாஸ்டர். "யார்கிட்ட?" என்றார் அம்மா. அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்று முழுவதும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. தலைவரே நேரில் வந்து வீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். மாஸ்டர் தலைகீழாக நின்று அதற்கு அனுமதி வாங்கினார். குறித்த நாளில் தலைவர், அலுவலர், தரப் பார்வையாளர் மூவரும் வந்தார்கள். தலைவர் கறுப்புக் கோட்டு, கன்னங்கரேலென்று சாயமிட்ட தலைமுடி, சிவந்த முகம். அறைக்குள் மூன்று பேர் நுழைந்ததுமே அது நிரம்பிவிட்டது.

முதல் வேலையாக அம்மாவை எழுப்பிவிட்டுத் தரப் பார்வையாளரை அவர் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அம்மா சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார். தரப் பார்வையாளர் எல்இடியை நேராகப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அலுவலர் குறித்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு நிமிஷம் இந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்க. அப்பாவ நான் கொஞ்சம் நகத்தறேன்" என்று மாஸ்டர் கெஞ்சினார்.

தரப் பார்வையாளர் பதறிவிட்டார். "சாய்ஞ்சு பாத்தேன்னு தெரிஞ்சா என் தரம் போயிடும் சார். புள்ளகுட்டிக்காரன், வயித்துல அடிச்சிடாதீங்க."

தலைவருக்கு நின்று நின்று கால் வலித்தது. உட்கார வேறு இடமில்லாமல் அப்பாவின் கால்மாட்டில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் நிகழ்ச்சி வர்ற நேரம். போடுங்க, அதையே வெச்சு ஒப்பிட்டுடலாம்" என்றார். மாஸ்டர் ரிமோட்டை அழுத்தினார். 'வாரியத்தின் குரல்' தொடங்கியது.

தலைவர் திரையைப் பார்த்தார். பிறகு கழுத்தை நீட்டி, "யாரு இது?" என்று கேட்டார்.

"நீங்கதான் சார்" என்றார் அலுவலர்.

"எனக்கு என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்திருக்கு? தலையெல்லாம் நரைச்சிருக்கு?" அவர் கை தானாகக் கன்னத்தைத் தடவியது.

"பிரமாதமா இருக்கீங்க சார்" என்றார் நாற்காலியிலிருந்த தரப் பார்வையாளர், திரும்பாமல்.

"எங்கய்யா பிரமாதம்? பொணம் பேசற மாதிரி இருக்கு!"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் திருப்பி அவரை ஆவலோடு பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு சுவாரஸ்யம் தெரிந்தது.

தலைவர் எழுந்துவிட்டார். "இத்தன வருஷமா ஓரத்துல உக்காந்த ஜனங்க எல்லாரும் என்னை இப்படித்தான் பாத்துட்டிருந்தாங்களா?"

"ஓரத்துல உக்கார வேண்டாம்னுதான சார் வாசல்லயே எழுதி வெச்சிருக்கோம்?"

"ஜனங்க கெடக்கட்டும். என்னைப் பாக்க வர்ற பெரிய மனுஷங்க எங்க உக்கார்றாங்க? என் ரூம்ல நாற்காலி பூரா ரெண்டு பக்கமும்தான இருக்கு! நான் நாட்டுக்காக உழைக்கறேன், பாக்கறவன் அனுதாபப்பட்டுட்டுப் போறான்! அந்தப் பிளாஸ்மா எங்க இருக்கு?"

"கிடங்குல இருக்கு சார்."

"அதுல என் பேச்சப் போட்டுப் பாக்கணும். எல்லாப் பக்கத்துலேர்ந்தும் பாக்கணும். இன்னிக்கே!"

அவர் காரில் ஏறும்வரை மாஸ்டர் கூடவே ஓடினார். காலில் விழாத குறை. உள்ளே வந்து, "அம்மா, ஜெயிச்சிட்டோம்!" என்றார். அம்மா தன் நாற்காலியை ஒரு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர்கள் உண்மையிலேயே ஜெயித்திருந்தார்கள். அதில்தான் வம்பே வந்தது.

வாரியத்திலிருந்து வாழ்த்து வந்தது. மாஸ்டரின் பிளாஸ்மா டிவி, இதுவரை ஒப்பிட்ட எல்லா டிவிகளிலும் முதலிடம் பெற்றுவிட்டதாகவும், எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தலைவர் தலைவராகவே தெரிவதாகவும், ஆகவே அதை நாட்டின் அளவுகோல் டிவியாக அறிவித்து வாரியமே நிரந்தரமாகப் பாதுகாக்கும் என்றும், இதற்காகக் குடும்பத்தினர் பெருமைப்படலாம் என்றும் அதில் இருந்தது.

மாஸ்டர் அலுவலரின் மேஜைக்கு எதிரே நின்று, தன்னை மறந்து கத்தினார். "பிளாஸ்மா மேலுன்னு தெரிஞ்சா திருப்பித் தருவோம்னு நீங்கதான சொன்னீங்க?"

"மேலா இருந்தா தரலாம் சார். இவ்வளவு மேலா இருந்தா எப்படித் தர முடியும்?" அலுவலருக்கும் வருத்தம்தான். "இனிமே பிளாஸ்மா யாரும் செய்யறதில்ல. இருக்கறதுல நல்லது இது ஒண்ணுதான். இதையும் உங்ககிட்ட குடுத்தா நீங்க பாட்டுக்கு இதுல டிவி பாப்பீங்க. தேஞ்சு போயிடாதா?"

"எங்கப்பாவுக்குப் பேச்சு போயிட்டே இருக்கு மேடம்!"

"அதையும் யோசிச்சோம் சார். பொதுமக்கள் பார்வைன்னு சாயங்காலத்துல வெச்சிருக்கோம். உங்களுக்குத்தான் முன்னுரிமை. ஆட்டம் இருக்கற நாளாப் பாத்து அப்பாவக் கூட்டிட்டு வாங்க. மனசாரப் பாக்கட்டும்."

வேறு வழி? ஆட்டம் இருந்த ஒரு நாளில் மாஸ்டர் அப்பாவைத் தூக்கிக் காரில் வைத்து, சக்கர நாற்காலியை மடக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு கிளம்பினார். அம்மா நன்றாக உடுத்திக்கொண்டு வந்து பின்னிருக்கையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னிக்கு மஞ்சச் சட்டதான் ஜெயிக்கப் போகுது, வேணா பாருங்க" என்று வழியிலேயே வம்புக்கு இழுத்தார். அப்பாவின் உதடு லேசாகக் கோணியது. மாஸ்டர் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

அளவுகோல் அறையின் வாசலில் அலுவலர் வரவேற்றார். காலையில் பெரிய மனிதர்கள் இந்த அறையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தலைவரின் உரையைப் பார்ப்பார்களாம். மாலையில் நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள். பொதுமக்களுக்குச் சோதனை அறையின் விதிதான்.

"ஒருத்தர்தான் உள்ள போகலாம்" என்றார் அலுவலர்.

"நான் அவர் சம்சாரம்" என்றார் அம்மா.

"தரப் பார்வையில சம்சாரம் கெடையாதும்மா."

"ஏம்மா, நான் பாக்க வரல. அவரோட சண்ட போடத்தான் வந்திருக்கேன்."

"சத்தம் போட்டா அளவு கெட்டுப்போகும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. வெளிய பெஞ்ச் இருக்கு, உக்காருங்க." பிறகு மாஸ்டரைப் பார்த்து, "நாற்காலிய ஒருத்தர் தள்ளணுமில்லையா, நீங்க வாங்க. ஆனா படத்தப் பாக்கக் கூடாது. அவர் தலைக்குப் பின்னால குனிஞ்சு நின்னுக்குங்க" என்றார்.

அம்மாவின் முகத்துக்கு நேரே கதவு மூடியது.

அப்பாவின் சக்கர நாற்காலியைத் தரையில் குறித்திருந்த இடத்தில், டிவிக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் எந்த எல்இடியும் நன்றாகத்தான் தெரிந்திருக்கும். விளக்கை அணைத்தார்கள். பிளாஸ்மா மெல்ல உயிர்பெற்றது. புல் பச்சையாக இருந்தது. சிவப்புச் சட்டை சிவப்பாக இருந்தது. அப்பாவின் தோள் நிமிர்வதை மாஸ்டர் பின்னாலிருந்து உணர்ந்தார். அலுவலர் ஒரு கையில் நிறுத்தக் கடிகாரத்தோடும் மறு கையில் பேனாவோடும் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஆட்டத்தில் யாரோ யாரையோ இடித்துத் தள்ளியிருக்க வேண்டும். மைதானமே கூச்சலிட்டது. அப்பா வாயைத் திறந்தார். அப்பா பக்கவாட்டில் திரும்பி, வழக்கமாக அம்மா இருக்கும் பக்கம் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். இன்னொரு முறை கூச்சல் எழுந்தது. இன்னொரு முறை வாயைத் திறந்து, திரும்பிப் பார்த்து, மூடிக்கொண்டார். பிறகு படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். கழுத்தை எவ்வளவு வளைக்க முடியுமோ அவ்வளவு வளைத்துக் கதவைப் பார்த்தார்.

"அவ..." என்றார். தொண்டை இழுத்துக்கொண்டது. உதடுகள் படாதபாடு பட்டன. "அவ... எங்க?"

விழுந்த நாளிலிருந்து அவர் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துச் சொன்னதில்லை.

"என்ன சார் சொல்றார்? திருப்தின்னு போட்டுக்கட்டுமா?" என்று அலுவலர் கிசுகிசுத்தார்.

மாஸ்டர் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"சார், சார்! நேரம் இன்னும் முடியல. நடுவுல எழுந்து போனா பார்வை செல்லாது. மறுபடி பேர் குடுக்கணும்!" என்று அலுவலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

மாஸ்டர் முழங்கையால் கதவை இடித்துத் திறந்தார். வெளியே பெஞ்சில் அம்மா, திரும்பக் கூடாத கழுத்தைத் திருப்பி இந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருட்டுக்குள் இவர்களுக்குப் பின்னால் மைதானம் வெடித்ததுபோல் ஆரவாரம் கேட்டது. கோல்தான், சந்தேகமில்லை. நாட்டிலேயே மிகச் சிறந்த படத்தில் விழுந்த அந்தக் கோலைப் பார்க்க அறையில் ஒருவரும் இல்லை.